சின்ன கேபினெட்டில் பவர் கேபிளை எப்படி ஒல்லியாக்குவது?

குட்டிப்பெட்டி

வணக்கம். மினி ஐ.டி.எக்ஸ் போர்டு (சின்ன அளவு மதர்போர்டு), எஸ்.எஃப்.எக்ஸ் பவர் சப்ளை (அதுவும் சின்ன அளவு), ஒன்பது லிட்டர் சாண்ட்விச் கேபினெட். ஒரு பக்கம் போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. பவர் கேபிளைத் தவிர எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது. 24 பின் கேபிள்தான் வில்லன். சப்ளைக்கும் போர்டுக்கும் நேர் தூரம் ஒரு சாண்கூட இல்லை, கேபிளோ அதைப் போல இரண்டு மடங்கு நீளம். மிச்சத்தை மடித்துச் செருகினால் பக்கவாட்டு மூடி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது.

பிராசஸர் 65 வாட். கார்டு 200 வாட், அதில் ஒரே ஒரு 8 பின். கேபிளைச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன். யோசித்து வைத்திருப்பவை: எல்லாவற்றையும் 22 கேஜ் வயரில் போடுவது (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லிசு), 24 பின்னில் ஒரே நிறம் நாலைந்து முறை வருகிறதே, நிறத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிடுவது, மேலே உள்ள வலை ஸ்லீவை உரிப்பது. இதில் எது சரிப்படும்?

மூடாத_மூடி

மூன்றாவதை இன்றைக்கே செய்யுங்க ப்ரோ, காசு செலவில்லை. ஸ்லீவும் இரண்டு முனையிலும் இருக்கிற ஹீட்ஷ்ரிங்கும் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போனாலே கேபிள் வளைய ஆரம்பிச்சிடும். உருண்டையா இருக்கிற கட்டைப் பட்டையா விரிச்சு சப்ளை மேலேயே ஒட்டினாப்புல விடுங்க. என் பெட்டி அப்படித்தான் மூடுச்சு. பேரை மட்டும் மாத்தலை.

செம்புக்கம்பி

குட்டிப்பெட்டி, 22 கேஜுக்கு ஓடுவதற்கு முன் உங்கள் கேபிளில் ஒரு வயரின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 1015, 1007, 1061 என்று ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். அது யு.எல். ஸ்டைல் எண், அதாவது மேலுறையின் வகை. கேபிள் தடியாவது பெரும்பாலும் அதனால்தான், செம்பால் அல்ல.

18 கேஜை எடுத்துக்கொள்வோம். உள்ளே செம்பின் பரப்பு 0.82 சதுர மி.மீ. 1015 வகையில் உறை மட்டும் சுற்றிலும் 0.8 மி.மீ. தடிமன், மொத்த விட்டம் 2.8 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். 1007 வகையில் உறை அதில் பாதி, மொத்தம் 2.1 மி.மீ. 1061 வகையில் உறை 0.23 மி.மீ.தான், மொத்தம் சுமார் 1.7 மி.மீ. 24 வயருக்குக் குறுக்குப் பரப்பைக் கூட்டிப் பாருங்கள்: முதல் வகைக்கு 148 சதுர மி.மீ., இரண்டாவதற்கு 83, மூன்றாவதற்கு 54. செம்பில் கை வைக்காமலே கட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது.

இப்போது உங்கள் 22 கேஜ். 1007 உறையில் அதன் விட்டம் 1.6 மி.மீ. மெல்லிய உறை போட்ட 18 கேஜைவிட 0.1 மி.மீ.தான் குறைவு. ஆனால் செம்பு 0.33 சதுர மி.மீ., அதாவது இரண்டரை மடங்கு குறைவு. அந்த 0.1 மி.மீ.க்காகச் செம்பை இழப்பானேன்?

அடுத்தது நீளம். தேவை 16 செ.மீ. இருக்கும்போது 30 செ.மீ. கேபிள் போட்டால் மிச்சம் 14 செ.மீ. மடிந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். மடிப்பு விழும் இடத்தில் தடிமன் மும்மடங்கு. உங்கள் மூடியைத் தள்ளுவது இந்த மடிப்புதான். சரியான நீளத்தில் வெட்டினால் உறை எந்த வகையாக இருந்தாலும் மூடி ஓரளவு மூடும் என்றே நினைக்கிறேன்.

ஓம்விதி

உறை கணக்கு சரி. ஆனால் 1061 ஆசையில் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அது 80 டிகிரி வரைக்கும்தான், 1015 என்றால் 105 டிகிரி. கார்டின் பின்தகட்டை ஒட்டிப் போகும் வயருக்கு இது கவலைப்பட வேண்டிய வித்தியாசம். இரண்டாவது, 0.23 மி.மீ. உறை தகர விளிம்பில் உரசினால் எத்தனை நாள் தாங்கும்? சின்ன கேபினெட்டில் எல்லாமே விளிம்புதான். கேபிள் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் வளையமோ விளிம்புப் பட்டையோ இல்லாமல் மெல்லிய உறை போடக் கூடாது.

செம்புக்கம்பி

ஒப்புக்கொள்கிறேன். கார்டுப் பக்கம் 1015 அல்லது டெஃப்லான், போர்டுப் பக்கம் 1061 என்று பிரித்துக்கொள்ளலாம்.

குட்டிப்பெட்டி

அச்சைப் பார்த்தேன், 1007 என்றுதான் இருக்கிறது. நீளம் முக்கியம் என்பதும் புரிந்தது. ஆனால் இரண்டாவது யோசனைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஆரஞ்சு (3.3 வோல்ட்) நாலு, சிவப்பு (5 வோல்ட்) ஐந்து, கறுப்பு (கிரவுண்டு) எட்டு. போர்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சிவப்பு ஐந்தும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பிறகு எதற்கு ஐந்து?

பழைய_சால்டர்

தம்பி, அந்த ஐந்து சிவப்பும் ஒரு காலத்துக் கணக்கு. போர்டுக்கும் சப்ளைக்குமான ஏ.டி.எக்ஸ் தரநிலை 1995-இல் வந்தபோது பிராசஸருக்கு வேண்டிய மின்சாரத்தைப் போர்டு 5 வோல்ட்டிலிருந்தும் 3.3 வோல்ட்டிலிருந்தும் எடுத்தது. அதனால்தான் அந்த இரண்டுக்கும் அத்தனை பின். 2000 வாக்கில் பெண்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டர் வைத்தார்கள். அதற்கப்புறம் பளு முழுக்க 12 வோல்ட்டுக்கு நகர்ந்துவிட்டது, கனெக்டர் மட்டும் பழைய கோலத்திலேயே இருக்கிறது. பின்னால் 20 பின் 24 ஆனபோதும் 12, 5, 3.3, கிரவுண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பின் கூடியது, அவ்வளவுதான்.

இன்றைய மினி ஐ.டி.எக்ஸ் போர்டில் 5 வோல்ட்டுக்குப் பெரும்பாலும் யு.எஸ்.பி.தான் வேலை. 3.3 வோல்ட்டில் எம்.2 எஸ்.எஸ்.டி., வைஃபை, கொஞ்சம் சில்லறை. ஆக ஆரஞ்சிலும் சிவப்பிலும் ஒவ்வொரு ஜோடியைக் கழற்றினாலும் போர்டு ஓடும். ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மஞ்சளைத் தொடாதே. 24 பின்னில் 12 வோல்ட்டுக்கு மொத்தமே இரண்டு வயர், 10-ஆம் பின்னும் 11-ஆம் பின்னும். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம், விசிறியும் பம்பும் அதற்கு மேல். இவ்வளவும் அந்த இரண்டு வயரில்தான். அதில் ஒன்றை எடுத்தால் மீதி ஒன்று சூடேறிக் கனெக்டரை உருக்கலாம். ஸ்லாட்டை நம்பியே ஓடும் 75 வாட் கார்டு வைத்திருக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

கறுப்பையும் எண்ணிப் பார்த்துக் குறைக்காதே. போனது எல்லாம் திரும்பி வர வேண்டிய வழி அது. 12, 5, 3.3 மூன்றின் மின்னோட்டமும் அதில்தான் திரும்புகிறது.

ஓம்விதி

அண்ணே, "ஓடும்" என்பதற்கும் "சரி" என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. 13-ஆம் பின்னில் ஆரஞ்சோடு சேர்த்து ஒரு மெல்லிய வயர், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், ஒரே டெர்மினலில் (கனெக்டருக்குள் வயரின் நுனியில் இருக்கும் உலோக முனை) நுழைந்திருக்கும். அது சென்ஸ் வயர். போர்டின் வாசலில் 3.3 வோல்ட் எவ்வளவு வந்து சேர்கிறது என்று சப்ளை அதன் வழியாகத்தான் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. சில சப்ளைகளில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும்கூட இப்படி உண்டு. "ஆரஞ்சு நாலில் இரண்டு போதும்" என்று கழற்றுகிறவர் இதையும் சேர்த்துக் கழற்றினால், சப்ளை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதுதான்.

அதோடு வயரைக் குறைப்பதால் கட்டு எவ்வளவு குறையும்? நாலு வயர், ஐந்து வயர். மெல்லிய உறைக்கு மாறினால் அதைவிட அதிகம் மிச்சம். பிறகு எதற்கு இந்த வம்பு?

பழைய_சால்டர்

சென்ஸ் வயரைப் பற்றிச் சொன்னது சரி, அதை விட்டுவிட்டால் வேலை கெடும். வம்பு என்று சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து லிட்டர் பெட்டிக்குள் வேலை செய்கிறவனுக்கு நாலு வயர் பெரிய விஷயம். போர்டில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று தெரிந்து, அளந்து, குறைக்கிறவன் குறைக்கட்டும். தெரியாதவன் 24-ஐயும் போடட்டும்.

யாரும் சண்டை போடாத இடம் ஒன்று உண்டு. பச்சை (ஆன் செய்யும் வயர்), சாம்பல் (பவர் ஓகே) இரண்டும் வெறும் சைகைதான், 24 கேஜ்கூடப் போதும். நீலம், அதாவது மைனஸ் 12 வோல்ட், பழைய பி.சி.ஐ. ஸ்லாட்டுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் வேண்டியிருந்தது. அவை இல்லாத போர்டில் பெரும்பாலும் அதற்கு வேலை இல்லை. 20-ஆம் பின் ஏற்கனவே காலி. ஊதாவை (பெட்டி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட்) மட்டும் மறக்காதே, அது போனால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நிழல்விசிறி

சிலிக்கான் வயர் யாரும் சொல்லலையே? நூடுல்ஸ் மாதிரி வளையும். ட்ரோன் கட்டுறவங்க எல்லாம் அதைத்தான் போடுறாங்க.

செம்புக்கம்பி

வளையும், உண்மை. ஆனால் உறை தடி. நமக்கு வளைவைவிடத் தடிமன் முக்கியம் என்றால் அது உதவாது. நகத்தால் கீறினால் கிழியும் என்பது இன்னொரு தொல்லை. 8 பின் மாதிரி வயர் எண்ணிக்கை குறைவாக, ஆனால் சட்டென்று திரும்ப வேண்டிய இடத்தில் சிலிக்கான் நன்றாக இருக்கும். 24 பின்னுக்கு வேண்டாம்.

டெஃப்லான் இதற்கு நேர் எதிர். உறை மெல்லிசு, 200 டிகிரி தாங்கும் வகைகள் கிடைக்கும், ஆனால் விறைப்பு. ஒருமுறை வளைத்த வடிவத்தில் நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும், ஏனென்றால் கட்டவே வேண்டாம். வழுக்கும் என்பதால் டெர்மினலின் பின்பக்கச் சிறகு உறையைச் சரியாகப் பிடிக்காது, கிரிம்ப் செய்யும்போது, அதாவது டெர்மினலை வயர்மேல் நசுக்கிப் பொருத்தும்போது, கவனம்.

குட்டிப்பெட்டி

கிரிம்ப் செய்வது புதுசு. அதற்குப் பதில் இருக்கிற கேபிளை நடுவில் வெட்டி, ஈயம் வைத்து ஒட்டிக் குட்டையாக்கினால்?

பழைய_சால்டர்

வேண்டாம். ஒட்டுக்கு ஒட்டு ஹீட்ஷ்ரிங்க் போடுவாய், நடுவில் 24 முடிச்சு வந்து நிற்கும். ஒல்லியாக்கப் போய் பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஆகிவிடும். ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்த இடம் வளையாது, அது முடிகிற எல்லையில்தான் வயர் ஒடியும்.

பழைய டெர்மினலைப் பின் நீக்கியால் வெளியே எடுத்து, வயரைக் குட்டையாக வெட்டி, புது டெர்மினல் கிரிம்ப் செய். இரண்டு முனையையும் கலைக்க வேண்டியதில்லை, போர்டு முனை மட்டும் போதும். சப்ளைப் பக்கம் தொழிற்சாலை வேலை அப்படியே இருக்கட்டும், எந்த வயர் எங்கே என்ற குழப்பமும் பாதியாகும். டெர்மினல் வாங்கும்போது கேஜைப் பார்த்து வாங்கு. இந்தக் கனெக்டர் மோலெக்ஸின் மினி-ஃபிட் ஜூனியர் வகை, பின்னுக்குப் பின் 4.2 மி.மீ. அதற்கு 18 முதல் 24 கேஜ் வரை ஒரு டெர்மினல், 16 கேஜுக்கு வேறு. கிரிம்ப் செய்தபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார். கையோடு வந்தால் அது கிரிம்ப் இல்லை.

ஓம்விதி

சப்ளை முனையைக் கலைக்கிறவர்களுக்கு: மாடுலர் சப்ளையில் (கேபிளை சப்ளையிலிருந்தே கழற்றக்கூடிய வகை) போர்டுப் பக்கம்தான் தரப்படுத்தப்பட்டது. சப்ளைப் பக்கம் எந்தப் பின்னில் எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளும் மாறும். கனெக்டர் அச்சாகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 போனால் டிரைவ் அந்த நொடியே போய்விடும். உங்கள் சப்ளையோடு வந்த கேபிளைக் கையில் வைத்து, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (எந்த முனை எதோடு இணைந்திருக்கிறது என்று) பார்த்து, நீங்களே படம் வரைந்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பி வயர் செருக வேண்டாம்.

இன்னொன்று. சில சப்ளைகளில் போர்டு முனைக்கு அருகே கேபிளுக்குள் தடிப்பாக ஒரு வீக்கம் இருக்கும். ஹீட்ஷ்ரிங்குக்கு உள்ளே குட்டி கெபாசிட்டர். அலங்காரத்துக்கு வைத்ததல்ல, அலையை, அதாவது வோல்ட்டில் வரும் சிறு ஏற்ற இறக்கத்தை, தணிக்க வைத்தது. 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5-இலும் 3.3-இலும் 50 மில்லி வோல்ட் என்பது அலைக்கு எல்லை. கெபாசிட்டரைத் தூக்கிய பிறகு உங்கள் சப்ளை அந்த எல்லைக்குள் நிற்கிறதா என்பது ஆசிலாஸ்கோப் இல்லாமல் தெரியாது. சப்ளை தாராளமானது என்றால் நிற்கும். கேபிளில் கெபாசிட்டர் வைக்க வேண்டி வந்த சப்ளை தாராளமானதா என்பது வேறு கேள்வி.

மூடாத_மூடி

கார்டு கேபிளுக்கு வாங்க. எனக்கு 24 பின்னைவிட அதுதான் தலைவலி. என் கார்டு 16 பின். கனெக்டர்லேர்ந்து வெளியே வந்த உடனே மூடி இடிக்குது. 20 கேஜ் போட்டா நல்லா வளையுமே?

செம்புக்கம்பி

8 பின்னாக இருந்தால் உங்களோடு பேரம் பேசுவேன். 150 வாட், 12 வோல்ட், மூன்று வயர்: வயருக்கு 4.2 ஆம்பியர். 20 கேஜ் மீட்டருக்கு 33 மில்லி ஓம், 20 செ.மீ. வயரில் 0.12 வாட் வெப்பம். பெரிதாக ஒன்றுமில்லை. வோல்ட் இறக்கமும் போக வர சேர்த்து 0.06 வோல்ட்டுக்குள்தான்.

16 பின்னில் கதை வேறு. 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஆறு வயர், வயருக்கு 8.3. பின்னுக்குத் தரப்பட்ட அளவே 9.5 ஆம்பியர்தான். 4.2 மி.மீ. இடைவெளி 3 மி.மீ.க்குச் சுருங்கி, மிச்சக் கையிருப்பும் சுருங்கிவிட்டது. 20 கேஜ் போட்டால் போக வர 12 வயரிலும் சேர்ந்து 5.5 வாட் வெப்பம், காற்று அசையாத மூலையில். 16 கேஜில் அதே 2.2 வாட். மின்னோட்டம் ஆறு வயரிலும் சமமாகப் பிரியும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்ற ஐந்தின் தலையில் ஏறும்.

வயரின் வெப்பமாவது நீளம் முழுக்கப் பரவுகிறது. 20 செ.மீ. 20 கேஜ் வயருக்கு 6.7 மில்லி ஓம். மோசமான ஒரு கிரிம்பில் அதே அளவு தடை அரை செ.மீ. இடத்தில் உட்கார்ந்துவிடும், அதே வெப்பம் ஒரே புள்ளியில். 2022-இல் இந்தக் கனெக்டர்கள் உருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள், உருகியது கனெக்டர் முனையில்தான். 2023-இல் வந்த திருத்தம், 12வி-2எக்ஸ்6, சைகைப் பின்களைக் குட்டையாக்கியது. முழுக்கச் செருகாவிட்டால் கார்டு முழு வாட் கேட்காமல் இருக்கத்தான் அது.

அதனால் 16 பின்னில் ஒல்லியாக்காதீர்கள், குட்டையாக்குங்கள். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை வளைக்கக் கூடாது என்று கேபிள் தயாரிப்பாளர்கள் சொல்வதை மதிக்க உங்கள் பெட்டியில் இடமில்லை என்றால், கனெக்டர் பக்கவாட்டிலோ முனையிலோ உள்ள கார்டு தேடுவதுதான் வழி. அல்லது கார்டின் வாட் வரம்பை இறக்குங்கள். 450 வாட்டை 300-க்கு இறக்கினால் மின்னோட்டம் மூன்றில் இரண்டாகும், வெப்பம் பாதிக்கும் கீழே போகும்.

நிழல்விசிறி

ஏ.சி. பக்கத்தை விட்டுட்டீங்க. சாண்ட்விச் கேபினெட்ல சப்ளை முன்னாடி இருக்கும், பின்பக்க சாக்கெட்லேர்ந்து உள்ளுக்குள்ளேயே ஒரு எக்ஸ்டென்ஷன் ஓடும். என் பெட்டியில இருக்கிறதிலேயே தடியான கேபிள் அதுதான்.

ஓம்விதி

அங்கே ஒரே ஒரு விதி: வெளியுறையை உரிக்கக் கூடாது. 24 பின்னில் தப்பு நடந்தால் போர்டு போகும், இங்கே தப்பு நடந்தால் ஆள் போவார். மூன்று வயரைத் தனித்தனியாக விரித்துத் தகரத்தின் மேல் ஓட்டியவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறுகிறது.

ஒல்லியாக்க நேர்வழி இருக்கிறது. 600 வாட் சப்ளை 230 வோல்ட்டில் இழுப்பது 3 ஆம்பியர் சுமாருக்குத்தான். 0.75 சதுர மி.மீ. கேபிளுக்கு 6 ஆம்பியர் என்பது வழக்கமான கணக்கு. உங்களிடம் இருப்பது 1.5 சதுர மி.மீ. ஆக இருந்தால், 0.75-இல் தொழிற்சாலையில் செய்த கேபிளுக்கு மாறுங்கள், வெளி விட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். பிளக் நேராக நீட்டிக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் திரும்பும் வகை வாங்கினால் இன்னும் இடம். 115 வோல்ட்டில் இழுப்பு இரு மடங்கு என்பதைக் கணக்கில் கொள்ளவும். எர்த் வயர் கேபினெட் தகரத்தோடு இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

மூடாத_மூடி

இவ்வளவு பாடு எதுக்கு, 24 பின் சாக்கெட்லயே நேரா செருகுற குட்டி டி.சி. போர்டு போட்டா கேபிளே வேண்டாமே?

பழைய_சால்டர்

65 வாட் பிராசஸர், கார்டே இல்லை என்றால் அதுதான் சிறந்த வழி. பைக்கோ பி.எஸ்.யு. வகை. 12 அல்லது 19 வோல்ட் அடாப்டர் வெளியே போய்விடும், தடிமன் பெட்டியை விட்டுத் தரைக்கு இறங்கும். தின் மினி ஐ.டி.எக்ஸ் போர்டு என்றால் அதுவும் வேண்டாம், டி.சி. ஜாக் போர்டிலேயே இருக்கும். 200 வாட் கார்டு சேர்ந்தால் அடாப்டர் செங்கல் அளவுக்கு வளரும், அப்புறம் எது சின்னப் பெட்டி என்று நாமே யோசிக்க வேண்டியதுதான்.

இன்டெல் 2020-இல் கொண்டுவந்த 12 வோல்ட் மட்டும் தரும் சப்ளையில் 24 பின் 10 பின்னாகிவிட்டது. எனக்குப் பிடித்த தீர்வு அது. கடையில் தேடினால் போர்டு கிடைப்பதுதான் பாடு.

குட்டிப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி. பழைய_சால்டர் அண்ணே சொன்னபடி சப்ளை முனையைத் தொடாமல் போர்டு முனையை மட்டும் குட்டையாக்கினேன். நீலத்தை விட்டுவிட்டேன், மற்றவை எல்லாம் இருக்கின்றன, சென்ஸ் வயர் உட்பட. அதே 1007 உறைதான், மெல்லிசுக்கு மாறவே இல்லை. மூடி மூடுகிறது. செம்புக்கம்பி, நீளம்தான் முக்கியம் என்று நீங்கள் சொன்னது அப்படியே பலித்தது.

ஒரு சந்தேகம். எல்லா வயரையும் ஒரே நீளத்தில் வெட்டியதால் வளைவில் உள்பக்க வயர்கள் புடைத்துக்கொண்டும் வெளிப்பக்க வயர்கள் விறைத்துக்கொண்டும் நிற்கின்றன. வெளிப்பக்கத்து இரண்டு பின்கள் லேசாக இழுபடுகிற மாதிரி தெரிகிறது. விட்டுவிடலாமா?

பழைய_சால்டர்

விடாதே. இழுபடும் பின் கனெக்டருக்குள் சாய்ந்து உட்காரும், தொடும் பரப்பு குறையும். அது மஞ்சளாக இருந்தால் சூடாகும். அந்த இரண்டு வயரை மட்டும் புதிதாக ஒரு செ.மீ. நீளமாகப் போட்டுவிடு. வெட்டுவதற்கு முன் கனெக்டரைச் சாக்கெட்டில் வைத்து, ஒரு நூலை அதே வழியில் வளைத்து, உள்வளைவுக்கு ஒரு அளவு, வெளிவளைவுக்கு ஒரு அளவு என்று எடுத்துக்கொள்.

மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டு. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைத்திருக்க முடியவில்லை என்றால் இங்கே வந்து எந்தப் பின் என்று சொல்.